கேட்பவரின் கடன்

1960களில் காங்கோவின் விமான நிலையம் ஒன்றில் நடந்தது இது. கலவரத்திலிருந்து தப்பி வந்த பெல்ஜியக் குடும்பங்கள் விமானத்துக்காகக் காத்திருக்கின்றன. அவர்களுக்கு நடுவே ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்தியாளர் இப்படிக் கேட்டுக்கொண்டே நடக்கிறார்: 'இங்கே வன்புணர்வுக்கு ஆளானவர்கள், ஆங்கிலம் பேசுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?' பத்திரிகையாளர் எட்வர்ட் பெர் இதைப் பதிவுசெய்தார். தன் நினைவுக்குறிப்பு நூலுக்கு அந்தக் கேள்வியையே தலைப்பாக்கினார்.

படிக்கும்போதே உடல் கூசுகிறது. அந்தக் கூச்சம் எதனால் வருகிறது? உரக்கக் கேட்டதாலா? கூட்டத்தின் நடுவே கேட்டதாலா? அதே கேள்வியை ஒரு தனி அறையில், தண்ணீர்க் குவளையை அருகில் நகர்த்தி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரு பெண்ணே இன்னொரு பெண்ணிடம் கேட்டால் அது வேறு கேள்வியாகிவிடுமா? உலக அரசியலைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் கலையைப் பற்றியும் மணிக்கணக்கில் நீளும் நேர்காணல்களின் காலம் இது. 'ஆழமான நேர்காணல்' என்று நாம் மெச்சுகிறவற்றில் எத்தனை, குரல் தாழ்த்திக் கேட்கப்பட்ட அதே கேள்விதான்?

நேர்காணலைப் பெண்ணியம் எளிதில் கைவிட முடியாது. பட்டாவில் பெயரில்லாத, சங்கக் கூட்டத்தின் குறிப்பேட்டில் கையெழுத்தில்லாத வாழ்க்கைகளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அம்பை 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து மும்பையில் தொடங்கிய 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகம் பெண்களின் குரலையும் படத்தையும் சேகரிப்பதற்கென்றே உருவானது. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் நின்ற பெண்களின் வாய்மொழியை ஸ்த்ரீ சக்தி சங்கட்டனா தொகுத்தது. பிரிவினையைப் பெண்களின் நினைவிலிருந்து ஊர்வசி புட்டாலியா எழுதினார். கேட்காமல் விட்டிருந்தால் இவையெல்லாம் மண்ணோடு போயிருக்கும். ஆகவே கேட்பது சரியா என்பதைவிட, கேட்டவருக்கு என்ன கடன் சேருகிறது என்பதே என் கேள்வி.

களப்பணிக்குப் போகும் மாணவிகளிடம் ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் நன்னூலைத் திறக்கச் சொல்வேன். மதிப்பெண்ணுக்காக நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த பகுதிதான்: வினா ஆறு வகை, விடை எட்டு வகை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் வினாவை வகுத்தபோது கேட்பவரின் நோக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டார். தெரியாமல் கேட்பது அறியா வினா. விடையைத் தெரிந்துகொண்டே, எதிரிலிருப்பவருக்குத் தெரியுமா என்று பார்ப்பது அறி வினா. இதுவா அதுவா என்ற தடுமாற்றம் ஐய வினா. ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்காகக் கேட்பது ஏவல் வினா. மளிகைக் கடையில் 'பருப்பு இருக்கிறதா?' என்று வாங்குவதற்காகக் கேட்பது கொளல் வினா. 'உனக்கு மாற்றுச் சேலை இருக்கிறதா?' என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. 'இருக்கிறதா' என்ற சொல் இரண்டிலும் ஒன்றுதான். நோக்கம் மாறியதும் வினாவின் இனம் மாறிவிடுகிறது.

நேர்காணல் செய்பவர் எல்லாரும் தம்முடையது அறியா வினா என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே போகிறோம்? நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது கொளல் வினா. கடைக்குப் போவதுபோலப் போகிறோம்; வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

2014 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பினர் வட இராக்கின் சிஞ்சார் பகுதியைத் தாக்கி, ஆயிரக்கணக்கான யாசிதிப் பெண்களையும் சிறுமிகளையும் கவர்ந்துசென்று அடிமைகளாக விற்றார்கள். தப்பி வந்தவர்களைத் தேடி உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் செய்தியாளர்கள் முகாம்களுக்கு வந்தார்கள். அந்தப் பெண்களில் 26 பேரிடம் ஜொஹானா ஃபாஸ்டர், ஷெரிசான் மின்வாலா என்ற இரு ஆய்வாளர்கள், செய்தியாளர்கள் உங்களை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டு 2018இல் வெளியிட்டார்கள். பேசச் சொல்லி வந்த நெருக்குதல், அடையாளம் வெளியான அச்சம், பேட்டியின்போது அந்த நாட்களுக்கே இழுத்துச் செல்லப்பட்ட வேதனை ஆகியவை அந்தப் பெண்களின் பதில்களில் இருந்தன. பேச விரும்பிப் பேசியவர்களும் உண்டு. இன்னும் பிடியில் இருக்கும் அக்காவுக்கோ மகளுக்கோ இதனால் உதவி வரும் என்று நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையைத்தான் நாம் கொள்முதல் செய்கிறோம்.

'அப்படியானால் வலிக்கும் கேள்வியையே கேட்கக் கூடாதா?' என்று மாணவிகள் கேட்பார்கள். வலி ஒன்றை மட்டும் வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. 2021 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நீதிமன்றம் ஐ.எஸ். அமைப்பைச் சேர்ந்த ஒருவரை யாசிதிகள்மீதான இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டித்தது. ஃபலூஜாவில் கொடும் வெயிலில் கட்டி வைக்கப்பட்டு இறந்துபோன ஐந்து வயதுச் சிறுமியின் வழக்கு அது. அந்தச் சிறுமியின் தாய் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் பத்திரிகைப் பேட்டியையும்விட அந்தக் கேள்விகள் கடுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அங்கே அவருடைய சொல் ஒரு தீர்ப்பை நோக்கிப் போனது. சொல்லுக்கு ஒரு போக்கிடம் இருந்தது.

கொச்சோ என்ற யாசிதி கிராமத்திலிருந்து கவர்ந்துசெல்லப்பட்டுத் தப்பிய நாதியா முராத் 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசினார். 2018இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உலகம் அவரிடம் என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டது. அவர் கேட்டதோ விசாரணை, நீதிமன்றம், புதைகுழிகளைத் தோண்டுவது. 2022இல் அவர் பெயரால் வெளியான நடத்தை நெறித்தொகுப்பு, இத்தகைய பெண்களிடம் தகவல் சேகரிக்கும் அனைவரையும் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறது: இந்த நேர்காணல் தேவைதானா? இவர் ஏற்கெனவே சொன்னதிலிருந்து இது கிடைக்காதா?

அறி வினாவின் வன்முறை இதைவிட மென்மையானது. அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெண்ணாகக் கவிதை எழுதுபவள் என்பதால் எனக்கு இது பழகிப்போனது. ஒரு இதழுக்காக வந்த நண்பர் இரண்டு மணி நேரம் பேசினார். யாப்பைப் பற்றியோ நான் பாடம் நடத்தும் சங்க இலக்கியத்தைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. 'உடலைப் பற்றி எழுதும்போது வீட்டில் என்ன சொல்கிறார்கள்?' என்பதையே நான்கு விதமாகக் கேட்டார். அவரிடம் விடை தயாராக இருந்தது. என் குரலில் அதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

ஸ்வெட்லானா அலெக்சியேவிச் இதே சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறார். இரண்டாம் உலகப் போரில் களத்தில் நின்ற சோவியத் பெண்களை நூற்றுக்கணக்கில் சந்தித்து அவர் எழுதிய நூல் 1985இல் வெளிவந்தது. பேட்டிக்கு முந்தைய இரவில் மனைவிக்குப் போர் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்து, அழாமல் பேச வேண்டும் என்று தயார்படுத்திய கணவர் ஒருவரும் அந்த நூலில் வருகிறார். அவள் நேரில் பார்த்த போரை விட்டுவிட்டு, புத்தகத்தில் இருக்கும் போரை ஒப்பிக்க வேண்டும். ஆனால் ஆப்கன் போரைப் பற்றிய அலெக்சியேவிச்சின் நூலுக்குப் பிறகு, மகனை இழந்த தாய் ஒருவரும் வேறு சிலரும் தாங்கள் சொன்னது திரிக்கப்பட்டுவிட்டது என்று 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நகரில் அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கின் பின்னால் அரசியல் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தத் தாயின் கேள்வி நிற்கிறது. நான் சொன்னேன், நீ எழுதினாய். இப்போது அந்தச் சொல் யாருடையது?

இனி விடைகளுக்கு வருகிறேன். எட்டு வகையில் ஒன்று மறை விடை, மறுத்துச் சொல்வது. மௌனத்தை உடைப்பதே விடுதலை என்று பழகிய நமக்கு, 'சொல்ல மாட்டேன்' என்பதும் முழுமையான ஒரு விடை என்பதை ஏற்கச் சிரமமாக இருக்கிறது. இன்னொன்று வினா எதிர் வினாதல், கேள்விக்குக் கேள்வியாலேயே விடை சொல்வது. 1970களில் லண்டனில் முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த பெண்களை ஆன் ஓக்லி பலமுறை சந்தித்து நேர்காணல் செய்தார். அவர்கள் அவரைத் திருப்பிக் கேட்டார்கள். 1981இல் எழுதிய கட்டுரையில் அந்தக் கேள்விகளை அவர் எண்ணிக் கொடுத்திருக்கிறார்: 878. பெரும்பாலானவை தகவல் வேண்டிக் கேட்டவை. குழந்தை எந்த வழியாக வரும் என்று கேட்டவரும் உண்டு. நேர்காணலாளர் பதில் சொல்லக் கூடாது, சிரித்துச் சமாளிக்க வேண்டும் என்பது அன்றைய பாடநூல்களின் விதி. ஓக்லி பதில் சொன்னார். மருத்துவமனையில் கேட்க முடியாததைத் தன்னிடம் கேட்கும் பெண்ணிடம் நடுநிலை காப்பது அவருக்கு அறமாகத் தோன்றவில்லை.

கேள்வியையே திருத்தும் விடையும் உண்டு. இலங்கையில் 2009இல் போர் முடிந்த பிறகு, பிள்ளைகளையும் கணவர்களையும் தேடும் தமிழ்த் தாய்மார் ஆணைக்குழுக்கள் முன் அடுத்தடுத்துச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கற்றுக்கொண்ட பாடங்களுக்கான ஆணைக்குழு 2010இல் வந்தது. காணாமற்போனோருக்கான ஆணைக்குழு 2013இல் வந்தது. பிறகு அதற்கென ஒரு அலுவலகமே வந்தது. ஒவ்வொரு மேசையிலும் அதே தேதி, அதே இடம், அதே புகைப்படம். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 'காணாமல் போனோர்' என்று அரசு கேட்டபோது அவர்கள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதிப் பிடித்தார்கள். தன்வினையைச் செயப்பாட்டு வினையாக்கியதும் செய்தவர் யார் என்ற கேள்வி தானாக எழுகிறது. இலக்கணம் படித்த எனக்கு இதைவிடக் கூர்மையான மறுமொழி நினைவில் இல்லை.

அதிகாரத்தில் இருப்பவரிடம் யார் இப்படி ஆழமாகக் கேட்கிறார்கள்? ஒரியானா ஃபல்லாச்சி கேட்டார். 1972இல் கிஸ்ஸிஞ்சரை அவர் பேச வைத்த விதத்துக்காகக் கிஸ்ஸிஞ்சர் பின்னாளில் நொந்துகொண்டார். 1979இல் கோம் நகரில் கோமேனியிடம் சாதர் பற்றி வாதிட்டு, அவர் முன்னிலையிலேயே அதைக் கழற்றி எறிந்தார். கடைசிக் காலத்தில் முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதிய வெறுப்பை ஏற்க முடியாது. ஆனாலும் ஆட்சியாளரிடம் எப்படிக் கேட்பது என்பதை அவரிடம் கற்கலாம். 2022 செப்டம்பரில், மாசா அமினியின் மரணத்தையொட்டி ஈரானியப் பெண்கள் தெருவில் இருந்தபோது, நியூயார்க்கில் அதிபர் ரைசியின் பேட்டிக்குத் தலையை மூட வேண்டும் என்று சொல்லப்பட்டது. கிறிஸ்டியான் அமன்பூர் மறுத்தார். பேட்டி நடக்கவில்லை. காலி நாற்காலிக்கு எதிரே அவர் உட்கார்ந்திருக்கும் படம்தான் மிஞ்சியது.

நிபந்தனை போடவும் எழுந்து போகவும் ஆட்சியாளருக்கு வசதி இருக்கிறது. முகாமில் இருக்கும் பெண்ணுக்கு அது இல்லை. ஆனால் அந்தரங்கக் கேள்வி அவளுக்கும் கொள்கைக் கேள்வி அவருக்கும் போகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியரிடம் 'அந்த நாட்களில் எப்படி உணர்ந்தீர்கள்?' என்று கேட்டோம். பாதுகாப்பு உடை ஏன் போதவில்லை, வார்டில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்பதும் அவருக்குத் தெரியும். அதை அமைச்சரிடம் கேட்டோம். பெண்ணிடம் உணர்ச்சியை மட்டும் வாங்கி, அறிவை அங்கேயே விட்டுவிட்டு வருவதும் கொளல் வினாவின் குணம்தான்.

கொடை வினா நடைமுறையில் சாத்தியமா? உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் குடும்ப வன்முறை பற்றி நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில் மட்டும் கேட்க வேண்டும். யாராவது உள்ளே வந்தால் உடனே பேச்சை மாற்ற, வேறு தலைப்பிலான கேள்விகள் கையில் இருக்க வேண்டும். வன்முறை உண்டு என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், உதவி கிடைக்கும் இடங்களின் விவரம் அவளிடம் போய்ச்சேர வேண்டும். பலர் தங்கள் வாழ்வில் முதன்முறையாக இதைச் சொன்னது அந்த நேர்காணலாளரிடம்தான். புள்ளிவிவரம் வேண்டித்தான் போனார்கள். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. இந்த விதிகள் கருணையால் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. தவறான நேரத்தில் கேட்ட ஒரு கேள்விக்காக அன்றிரவு அடி வாங்கப்போவது அவள்தான் என்ற கணக்கு அவற்றில் இருக்கிறது.

என் மாணவிகள் களத்துக்குப் போகுமுன் கேள்விப் பட்டியலை என்னிடம் காட்டுவார்கள். பட்டியலின் முதல் வரியாக நான் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். அது அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியில்லை, அவர்களிடம் கேட்கப்படக்கூடியது: 'இதையெல்லாம் வைத்து நீ என்ன செய்யப்போகிறாய், அம்மா?' அதற்கான விடையை, அந்தப் பெண்ணுக்குப் புரியும் சொற்களில் முதலில் எழுதி வர வேண்டும். 'முனைவர் பட்டத்துக்காக' என்பதும் நேர்மையான விடைதான். அதைக் கேட்ட பிறகும் அவர் பேசலாம், பேசாமல் கதவைச் சாத்தலாம். விடையே எழுத வராதவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இந்த வாரம் போக வேண்டாம்.