ஆற்றுப்படுத்துவோர் யார்?

வழியைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொற்களுள் ஒன்று 'ஆறு' என்பதாகும். வழியறியாது நிற்பவனை உரிய வழியில் செலுத்துதல் ஆற்றுப்படுத்துதல் எனப்பட்டது. பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்களாகவே அமைந்துள்ளன. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனைக் கண்டு, தான் நடந்த வழியை அவனுக்கு எடுத்துரைப்பதே அவற்றின் அமைப்பு. அவற்றுள் 583 அடிகளால் ஆகிய மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறது: பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் பாறை எங்கே, யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து வரும் என்பன அதில் உள்ளன. வழி சொல்லுதல் வெறும் செய்தி தருதலா, அன்றி அறச்செயலா? என் வாழ்வில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இவ்வினாவை என்முன் நிறுத்தியது.

ரிங்லெட், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் அமைந்த சிற்றூர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்திருக்கும். பள்ளிக்கு வாராத பிள்ளைகளின் வீடு தேடிச் செல்வது தலைமையாசிரியனாகிய என் வழக்கம். பள்ளத்தாக்குகளில் கைத்தொலைபேசி அலைவரிசை பல இடங்களில் எட்டுவதில்லை. ஆகவே, துணைக்கோள்களைக் கொண்டு இடமறியும் கைக்கருவி ஒன்றை வாங்கி, மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் பொருத்திக்கொண்டேன். கரடுமுரடான பாதையில் அதிர்ந்து அதிர்ந்து பேட்டரி தொடர்பு விட்டுப்போய்க் கருவி அடிக்கடி அணைந்துவிடும். பழைய டியூப்பை அறுத்து இறுகக் கட்டியும், வண்டியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்தும் அக்குறையைத் தீர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மாணவனின் வீட்டையும் அதில் ஒரு புள்ளியாகப் பதித்து வைத்தபோது, மலை முழுவதும் என் கைக்குள் அடங்கிவிட்டதாகவே ஒரு பெருமிதம் உண்டாயிற்று.

அக்கருவி வியத்தற்குரியது என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்கள், தத்தம் அணுக்கடிகார நேரத்தை ஓயாது வானலையில் அனுப்புகின்றன. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் குறிப்புகள் வந்துசேரும் நேரத்தைக் கணித்துக் கருவி நம் இடத்தைச் சொல்கிறது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தாலும் கணக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தவறும். ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டின்படி, அக்கடிகாரங்கள் தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி விரைந்து ஓடும் என்பதையும் கணக்கில் கொண்டே இவ்வமைப்பு இயங்குகிறது. இத்துணை நுட்பம் வாய்ந்த கருவி சொல்வது, 'நீ இருக்கும் இடம் இது. நீ குறித்த இடம் இத்திசையில், இத்துணைத் தொலைவில் உள்ளது' என்பதேயாகும். இடையே கிடக்கும் நிலம் இன்று எப்படியிருக்கிறது என்பதை அது அறியாது. இவ்வேறுபாட்டை நான் ஏட்டளவில் அறிந்திருந்தேன். உடலால் அறிந்தது பின்னர்தான்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. மழை விட்ட ஒரு மாலையில் அவன் வீட்டை நோக்கிப் புறப்பட்டேன். மூடுபனி இறங்கியிருந்தது. தோட்டப் பாதையில் விறகுக்கட்டுடன் எதிரே வந்த மூதாட்டி ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். "வாத்தியாரையா, அந்தப் பக்கம் போவாதீங்க, மண்ணு சரிஞ்சு கெடக்கு" என்றார். கருவியை நோக்கினேன். வீடு இன்னும் 400 மீட்டர்தான் என்றது அம்புக்குறி. எண்ணில் சொல்லும் கருவி எங்கே, எழுதப் படிக்கத் தெரியாத கிழவி எங்கே என்று என் மனம் ஒரு கணத்தில் எடைபோட்டுவிட்டது. தலையசைத்துவிட்டு வண்டியைச் செலுத்தினேன். அடுத்த வளைவில் பாதி பாதை இல்லை. வண்டி சேற்றில் சறுக்க, என் கால் அதன் அடியில் சிக்கிக்கொண்டது.

கத்தியும் பயனில்லை என்று கிடந்த எனக்குக் காலடியோசை கேட்டது. நான் கேளாமற் போனதைக் கண்ட அம்மூதாட்டி, விறகை இறக்கி வைத்துவிட்டு என் பின்னாலேயே வந்திருந்தார். வண்டியை நிமிர்த்த உதவியபின், "புள்ளயத் தேடித்தானே வந்தீங்க? அவங்க இப்ப அங்க இல்லையே" என்றார். மண் சரியத் தொடங்கியதும் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. தாய் மருத்துவமனையில் இருக்க, சிறுவன் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கருவி வீட்டின் இடத்தைச் சரியாகவே காட்டியது. அங்கே அவன் இல்லை என்பதை ஒரு மனிதர்தாம் சொல்ல முடிந்தது.

இதில் பிழை எவருடையது? கருவியின்மேல் பழிசுமத்துவது எளிது. ஆயினும் அது பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேளாதது என் பிழையே. கருவி நம் கண்ணின் வேலையைத் தாங்கலாம், பொறுப்பைத் தாங்காது.

இம்மலையின் வரலாறே இதற்குச் சான்று பகரும். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நிலவளவையாளர் இப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. அவருக்குத் துணையாய் வந்ததாகச் சொல்லப்படும் குலோப் ரியாவின் பெயரை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? கேமரன் கண்ட மேட்டுநிலம் பின்னர்ப் பல்லாண்டுகள் ஆங்கிலேயரின் பார்வைக்கு எட்டாதிருந்தது என்பர். ஆயின், இங்கேயே வாழ்ந்த செமாய் மக்களுக்கு அது என்றேனும் தொலைந்ததுண்டா? வழியறிந்தவர்களை அறிந்தவர்களாக நாம் எண்ணாததே 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லுக்கு இடந்தந்தது.

நிற்க. கருவியை இகழ்ந்து மனிதரைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் அதுவும் நடுவுநிலையாகாது. 1967 மார்ச் 26ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் இம்மலையில் மாளிகையொன்றிலிருந்து வெளியே சென்றவர் மீளவேயில்லை. பூர்வக்குடியினர் உள்ளிட்ட பெரும் கூட்டம் காட்டைத் தேடியும் பயனில்லை. மனித அறிவுக்கும் எல்லையுண்டு. வழி தவறிச் சோவியத் வான்வெளியில் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் 1983 செப்டம்பர் 1ஆம் நாள் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்ட பின்னரே, போருக்கென உருவான இத்துணைக்கோள் அமைப்பைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என அமெரிக்கா அறிவித்தது. மேலும், கருவி சாதி பாராது, மொழி பாராது. கேட்பவன் கூலியா துரையா என்று பார்த்து விடை சொல்லாது. மனிதரிடம் வழி கேட்டு ஏளனப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். எண்ணிப் பார்த்தால், முகமறியாத ஆயிரமாயிரம் அறிஞர்கள் நமக்கு அளித்த ஆற்றுப்படையே இக்கருவி எனலாம்.

அங்ஙனமாயின் குறை எங்கே உளது? வழி கேட்பவன் தன் அறியாமையை ஒப்புக்கொள்கிறான்; வழி சொல்பவர் அறிந்தவர் என்ற மதிப்பைப் பெறுகிறார். இருவருக்குமிடையே ஒரு கணம் உறவு பிறக்கிறது. கருவி தேவைப்படாமற் செய்தது இவ்வுறவைத்தான். தேயிலைச் சரிவுகளில் வாழ்நாளெல்லாம் நடந்து தேய்ந்த கால்களுக்குச் சொந்தமானவர்களிடம் கேட்க நமக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கத் தொடங்கும் நாளில், அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தகுதியையும் நாம் இழந்துவிடுகிறோம்.

என் கைப்பிடியில் அக்கருவி இன்றும் இருக்கிறது. இரவில் வழி மீளும்போது அது எனக்குத் துணையாகும். ஆயின், பாதையில் எவரேனும் எதிர்ப்பட்டால் எஞ்சினை நிறுத்தி இறங்கிவிடுகிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் முதியவர்களின் குரல் கேட்பதில்லை. அம்மாணவன் தாய் நலம்பெற்று வந்தபின் பள்ளிக்குத் திரும்பினான். அவன் புதிய வீட்டையும் கருவியில் பதித்துக்கொண்டேன். அதற்குமுன், அங்கே செல்லும் வழியை அவனையே சொல்லச் சொல்லிக் கேட்டேன்.