சொல்லாமல் விற்ற வீடு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார் என்றனர் நம் முன்னோர். அப்பழமொழி வீடு கட்டியவர்களைப் பற்றியது. கடைக்கால் எத்தனை அடி ஆழம், செங்கல் எந்தச் சூளையது, மணல் எங்கிருந்து வந்தது என்பவை கட்டியவருக்குத் தெரியும். இன்று நம்மில் பலர் வீட்டைக் கட்டுவதில்லை, வாங்குகிறோம். வாங்குபவரின் கண்ணுக்குப் படுவது புதிதாய்ப் பூசிய வண்ணமே. அதன் பின்னால் இருப்பதை விற்பவர் அறிவார். அறிந்தவர் சொல்லக் கடமைப்பட்டவரா? அல்லது அறியாதவர்தாம் ஆராய்ந்து தெரிந்துகொள்ள வேண்டுமா? இக்கேள்வியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றையும் தாண்டித் தெற்கே செல்வோர் படாளத்தை அடைவர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், வேடந்தாங்கலுக்குப் பிரியும் சாலையும் இவ்வூரின் அடையாளங்கள். இது ஏரிகள் நிறைந்த மாவட்டம். வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருவதே நீரை நாடித்தான். இந்நெடுஞ்சாலையை ஒட்டி இன்று வயல்கள் மனைகளாகி, எல்லைக் கற்களோடு நிற்கின்றன. சித்திரையில் மனை பார்க்க வருபவர் காண்பது காய்ந்த சமதரை. ஐப்பசி கார்த்திகையில் அதே இடத்தில் நீர் எவ்வழியே வந்து எங்கே தேங்கும் என்பதைப் பக்கத்து வயற்காரர் அறிவார், விற்பவரும் அறிவார். 2015 டிசம்பர் பெருவெள்ளம் முடிச்சூர் போன்ற புறநகர்ப் பகுதிகளைச் சூழ்ந்தபோது, நீரின் பழைய வழியில் தாம் குடியிருப்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

கிழக்கே மாமல்லபுரம் கடற்கரையோரம் வேறொரு குறை உண்டு. உப்புக்காற்றில் கூரைத் தளத்தின் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கிறது. பருத்த கம்பி மேற்பூச்சை வெடிக்கச் செய்து பெயர்க்கிறது. புதுப்பூச்சும் வண்ணமும் சில நாள்களில் அவ்வெடிப்பை மறைத்துவிடும். உள்ளே துருவேறுவது மட்டும் நிற்பதில்லை.

நம் வழக்கம் என்ன? மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வழக்குரைஞரிடம் போகிறோம். அது தேவையே. ஆனால் வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும்; சுவரின் வெடிப்பையோ மழைக்கால வெள்ளத்தையோ காட்டாது. கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் முதன்மையாக வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று பார்க்கவே வருகிறார். வாங்குபவருக்காக மட்டும் வந்து, கூரை முதல் கழிவுநீர்க் குழாய் வரை சோதித்து, குறைகளை எழுதித் தருபவரை அமர்த்தும் பழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவலாக உண்டு. நம்மிடம் அது இன்னும் வேரூன்றவில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டை, சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்குக்கூடப் பார்ப்பதில்லை.

இக்கேள்வி புதியதன்று. உரோமை அறிஞர் சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதையே எழுப்புகிறார். வெளியே அழகாய் நிற்கும் ஒரு வீட்டின் அறைகளில் பாம்புகள் உண்டு, மரங்கள் உளுத்தவை, உரிமையாளரைத் தவிர எவரும் இதை அறியார். சொல்லாமல் விற்கலாமா? தியோஜெனஸ் என்ற மெய்யியலார், விற்பவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, சொல்லாதிருப்பது மறைப்பதாகாது என்று வாதிடுகிறார். அந்திபாதர் மறுக்கிறார்: வாங்குபவர் அறியாமையால் கேட்டில் விழுவதைப் பார்த்திருப்பது, வழி தவறியவருக்கு வழி காட்டாமல் நிற்பதைவிடத் தீயது. சிசரோவின் தீர்ப்பும் விற்பவருக்கு எதிரானதே.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா, வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சகத்தை ஆராயும் பகுதியில் இதை மேலும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒற்றைக் கண் குதிரையைப் போலக் குறை வெளிப்படையாக இருந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டால், அதை விற்பவர் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. குறை மறைந்திருந்து, வாங்குபவருக்கு ஆபத்தையோ இழப்பையோ தருமானால் சொல்லியே ஆக வேண்டும். இடிந்து விழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியானதென்று விற்பதை அவர் எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறார்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இசைந்ததே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததும் விற்பவர் அறிந்ததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவதை மோசடி என்றே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் விழுந்த பின்னரே வருகிறது. மனச்சான்று முன்னரே வர வேண்டியது.

திருவிவிலியத்தில் லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி. வீட்டுச் சுவரில் பூசணம் போன்ற நோய் தோன்றினால் செய்ய வேண்டியதை அது விவரிக்கிறது. குரு வந்து பார்க்கிறார். ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைத்து மீண்டும் பார்க்கிறார். நோய் பரவியிருந்தால் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதுப்பூச்சுப் பூசச் செய்கிறார். அதன் பின்னும் நோய் திரும்பினால் வீட்டையே இடிக்கச் சொல்கிறார். இங்கே கவனிக்கத்தக்கது தொடக்கம். தன் வீட்டில் நோய் தெரிகிறது என்று குருவிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரரே. இழப்பு தமக்கே நேரும் என்று தெரிந்தும் அவர் சொல்ல வேண்டும்.

சொல்லாதிருப்பதன் விலையைச் செலுத்துபவர் வாங்குபவர் மட்டுமல்லர். 2014 ஜூன் 28 அன்று, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கு உழைத்த கட்டடத் தொழிலாளர். அந்த விற்பனையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அருகிலிருந்த மற்றொரு கட்டடமும் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

"நானும் தெரியாமல்தான் வாங்கினேன், எனக்கு யார் சொன்னார்கள்?" என்பது விற்பவர் பலரின் வாதம். தாம் பட்ட ஏமாற்றத்தை மற்றொருவரிடம் கைமாற்றிவிடுவது நட்டத்தை ஈடுசெய்வதாகாது. அநீதிக்கு ஆயுளைக் கூட்டுவதே ஆகும். இன்னொரு வகையினரும் உண்டு. வெடிப்பைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைத்து வாங்குவர். சில ஆண்டுகள் கழித்து அதே வெடிப்பைப் பூசி மூடி முழு விலைக்கு விற்பர். வாங்கும்போது குறையாக இருந்தது விற்கும்போது எப்படி இல்லாமற்போகும்?

வாங்குபவரும் குற்றமற்றவர் என்று சொல்லிவிட இயலாது. முத்திரைத்தாள் கட்டணத்துக்கு அஞ்சி, உண்மை விலையைப் பத்திரத்தில் குறைத்து எழுத இருவரும் சேர்ந்தே உடன்படுகின்றனர். சார்பதிவாளர் முன்னிலையில் ஒரு பொய்யில் கூட்டாளிகளானவர்கள், மறுமாதம் கூரை ஒழுகும்போது மட்டும் ஒருவர் மற்றவரிடம் உண்மையை எதிர்பார்ப்பது எவ்வாறு? பொய்யைக் கொண்டு தொடங்கிய உறவில் நம்பிக்கைக்கு இடம் ஏது?

ஆகவே கடமை இருபுறமும் உண்டு; ஆனால் சமமாக இல்லை. பார்க்கக் கூடியதைப் பார்ப்பது வாங்குபவரின் கடமை: மழைக்காலத்தில் ஒருமுறை போய் நிற்பது, அண்டை வீட்டாரிடம் விசாரிப்பது, கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பது. பார்த்தாலும் தெரியாததைச் சொல்வது விற்பவரின் கடமை. அறிவு அதிகம் உள்ளவரிடம் பொறுப்பும் அதிகம்.

நம் பங்குகளில் பொறியாளர்கள் உண்டு. ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்கள் உண்டு. சுவரைத் தட்டிப் பார்த்தே அதன் நலனைச் சொல்லும் கொத்தனார்கள் உண்டு. முன்பணம் கொடுக்கப் போகும் ஏழைக் குடும்பத்தோடு அவர்களில் ஒருவர் ஒரு மாலைப்பொழுது உடன் சென்றால், அது சிறந்த பிறரன்புப் பணியாகும். விற்கும் நாமோ, வீட்டின் நிறைகளை விளம்பரம் செய்வதோடு, அதன் குறைகளையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்போம். அதனால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் வாங்கிய குடும்பம் முதல் மழையிரவில் அச்சமின்றி உறங்கும்.