பொய்க்குரலும் ஊறே

1889ஆம் ஆண்டு ஜெர்மனியில், தம் எட்டாம் வயதில், லுட்விக் கோக் என்பவர் சோலைபாடிப் பறவையின் பாடலை மெழுகு உருளையில் பதிவு செய்தார். பறவைப் பாடலின் முதற்பதிவு அதுவே என்பர். அப்பறவை கூண்டிலிருந்தது. இன்று கூண்டு வேண்டா. கருவியேந்திப் பறவை இருக்குமிடம் செல்கின்றனர். ஆகவே இக்கலை ஊறற்றது என்றே எண்ணியிருந்தோம்.

ஒலிப்பதிவு பயிலும் நம் பெயரனுடன் ஒரு விடியலில் தோப்புக்குச் சென்றோம். "அசையாமல் நில்லுங்கள் பாட்டி, சேலை உரசினாலும் பதிவாகிவிடும்" என்றான். அரைமணி நேரம் நின்றும் குண்டுகரிச்சான் பாடவில்லை. முன்பு பதிந்த அதன் குரலை ஒலிக்கச் செய்தான். ஆண்பறவை விரைந்து வந்து வாலுயர்த்திப் பாடிற்று. மகிழ்ந்து, "மீண்டும் ஒலிக்கச் செய்" என்றோம். பின்னரே காரணம் சொன்னான்: தன் எல்லைக்குள் மற்றோர் ஆண்பறவை நுழைந்ததென்று எண்ணி, இரை தேடுவதை விட்டு அது வந்திருக்கிறது. நாம் கேட்டு மகிழ்ந்தது அதன் கலக்கத்தை.

கையால் தீண்டவில்லை, ஆயினும் பொய்யுரைத்து ஓருயிரை அலைக்கழித்தோம். ஆராய்ச்சிக்காக அறிஞர் அளவோடு செய்வது வேறு. நம் செவியின்பத்திற்காக ஏவியது வேறு. காத்திருக்கும் பொறுமையும் அகிம்சையின் பாற்பட்டதே.

மறுநாளும் சென்று காத்திருந்தோம். காகமும் காற்றுமே பதிவாயின. அதுவே மெய்யான பதிவு.