சுத்திக் குடு தம்பி

கோவில்பட்டியில் எங்கள் தெருமுனையிலிருந்த வீடியோ கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. 'அண்ணாச்சி கேசட் கடை' என்றால்தான் தெரியும். ஒரு ஆள் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத இடம். மூன்று சுவரிலும் கேசட். மேஜைமேல் நீளமான கணக்கு நோட்டு. அண்ணாச்சி அதில் ஆள் பெயர் எழுத மாட்டார், வீட்டைத்தான் எழுதுவார்: 'மாடிவீட்டு டீச்சர்', 'தீப்பெட்டி ஆபீஸ்', 'ரெயில்வே'. ஒரு நாள் வாடகை ஐந்து ரூபாய். கேசட்டைக் கையில் தரும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு: "சுத்திக் குடு தம்பி."

படம் முடியும்போது டேப் முழுவதும் வலப்பக்கச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதை மறுபடி முதலுக்குச் சுற்ற, டெக் இரண்டு மூன்று நிமிடம் ரீங்கரிக்கும். சுற்றாமல் கொடுத்தால் ஒரு ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாய்க்குப் பயந்துதான் சுற்றினோம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், எல்லோரும் எழுந்து போன பிறகு, அம்மா அந்தச் சத்தம் 'டக்'கென்று நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "நாளைக்கு வாங்கிட்டுப் போறவங்க போட்டதும் பேரு வரணும்ல" என்பாள். அந்த 'வாங்கிட்டுப் போறவங்க' யாரென்று அவளுக்குத் தெரியாது.

நமக்கு முன்னால் எடுத்தவர்களையும் கேசட் சொல்லும். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' அந்தக் கடையில் ஓயாமல் ஓடிய படம். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம் வரும்போது மட்டும் திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும், படம் துள்ளும். டெக்கின் ஹெட்டில் அழுக்கு என்று அப்பா ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். அடுத்த காட்சி பளிச்சென்று வந்தது. அண்ணாச்சியிடம் கேட்டபோது சிரித்தார். எடுத்துப் போகும் வீடெல்லாம் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டிப் பார்க்கிறதாம். டேப் அங்கேதான் தேய்ந்திருக்கிறது. ஊருக்கு எது ரொம்பப் பிடித்ததோ அதை ஊரே அழித்துக்கொண்டிருந்தது. பாலையாவின் முகம் தெரியாமலேயே நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்று யூடியூபிலும், எந்த இடத்தை அதிகம் பேர் திரும்பப் பார்த்தார்கள் என்று மேடுபள்ளமாக ஒரு வரைபடம் வருகிறது. அதே செய்திதான். ஆனால் அங்கே எதுவும் தேய்வதில்லை.

கடை ஒரே நாளில் சாகவில்லை. 1993இல் சன் டிவி வந்தது. கேபிள்காரர் ராத்திரியில் புதுப்படமே போட ஆரம்பித்தார். கேசட் போய் விசிடி வந்தபோது அண்ணாச்சி சுவரைக் காலிசெய்து தட்டுகளை அடுக்கினார். தட்டைச் சுற்ற வேண்டியதில்லை. அவர் பேச்சும் அத்தோடு நின்றது. 2004இல் திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு மோசர் பேர் நிறுவனம் முப்பது ரூபாயை ஒட்டிய விலைக்கு ஒரிஜினல் விசிடியையே விற்றது. அந்த விலைக்குச் சொந்தமாகவே கிடைக்கும்போது வாடகைக்கு யார் எடுப்பார்கள்? 2016இல் ஜியோ வந்த சமயம் அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு நா எழாது. பிற்பாடு வந்த புதுப்படங்களில் பாதி, தியேட்டரில் ஒளித்து எடுத்த பிரிண்ட். கதாநாயகி கண்ணீர் விடும்போது குறுக்கே யாரோ பாப்கார்னோடு நடந்து போவார். எந்த வீடு எந்தப் படத்தை எடுத்தது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்ததும் நல்லதா என்று தெரியவில்லை. அமெரிக்காவில் 1987இல், உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் பட்டியலைக் கடையிலிருந்து வாங்கி ஒரு பத்திரிகை வெளியிட்டுவிட்டது. பட்டியலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் மறு வருடமே அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அண்ணாச்சிக்குச் சட்டம் தேவைப்படவில்லை. ஒருவர் மஞ்சள் காகிதத்தில் சுற்றி வாங்கிப் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர் மனைவி கடைக்கு வந்தால் நோட்டு மூடியே இருக்கும்.

இப்போது நான் பார்க்கும் படம் எனக்காகவே காத்திருக்கிறது. பாதியில் விட்டால் அதே நொடியில் மறுபடி தொடங்குகிறது. வசதிதான். வாடகை சைக்கிளில் முந்தினவர் ஏற்றி வைத்த சீட்டும், நூலகப் புத்தகத்தில் யாரோ போட்ட பென்சில் கோடும் ஒரு காலத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தன. வீட்டில் இன்று என் கைக்கு வரும் எதிலும் இன்னொருவர் கைப்பட்ட அடையாளம் இல்லை. நான் வைத்துவிட்டுப் போவதை எடுக்கப்போகிறவரும் இல்லை. அம்மா உட்கார்ந்திருந்த அந்த மூன்று நிமிடம் என் நாளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

போன வருடம் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு கேசட் கிடைத்தது. அதே 'காதலிக்க நேரமில்லை'. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி ஓடிக்கொண்டிருந்த படம்; பாதியில் நிறுத்தியதோடு சரி, எல்லோரும் அதை மறந்துபோனோம். இரண்டு சக்கரத்திலும் சரிபாதி டேப். ஆடியோ கேசட் மாதிரி பென்சிலை விட்டுச் சுற்றலாமென்று பார்த்தேன். சக்கரம் உள்ளே பூட்டியிருக்கிறது, டெக்குக்குத்தான் திறக்கும்.

தூத்துக்குடியில் மகள் வீட்டிலிருக்கும் அண்ணாச்சியின் எண்ணை விசாரித்து வாங்கிப் பேசினேன். யாரென்று பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. உங்கள் கேசட் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது என்றேன்.

"சுத்தி வச்சிருக்கியா?"

"இல்ல அண்ணாச்சி, பாதியில நிக்குது."

"அப்ப ஒரு ரூவா எடுத்து வை" என்றார்.