தேனீயின் களஞ்சியம் யாருக்குரியது?

கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் அடங்கும். ஆசாரியர் சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இம்மூன்றின் விலக்கையும் ஐந்து அணுவிரதங்களையும் சேர்த்து மூலகுணங்கள் எட்டு என வகுத்துள்ளார். நம் முன்னோர் இதனை ஐயமின்றிக் கைக்கொண்டு ஒழுகினர்.

வந்தவாசி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களை விட்டுத் தொழில் நிமித்தம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் குடியேறிய நம் குடும்பங்களில், இளைஞர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. ‘அந்நாளில் தீமூட்டி ஈக்களைக் கொன்று தேனெடுத்தனர்; எனவே விலக்கினர். இன்று பெட்டியில் வளர்த்து, ஓர் ஈயும் மடியாமல் எடுக்கின்றனர். இனியும் விலக்குவது ஏன்?’ இவ்வினாவைக் கடிந்து ஒதுக்குதல் தகாது.

அவர்கள் கூற்றில் உண்மையும் உண்டு. கவனமுள்ள வளர்ப்பாளர் புழுக்கள் வாழும் கீழறையைத் தொடார். மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, சுழற்றும் கருவியால் தேனைப் பிரித்து, அடையைச் சிதைக்காமல் திருப்பி வைப்பார். ஆயினும், தானே சொட்டிய தேனை உண்பதிலும், அதனைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்கள் மடிவதால் இம்சை உண்டு என்று அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் முன்னரே விளக்கியுள்ளார். மற்றொரு விடை கூட்டினுள்ளேயே இருக்கிறது.

தேனீ தேனை மட்டும் சேமிப்பதில்லை. மகரந்தத்தையும் சேமிக்கிறது. தென்னையிலும் முருங்கையிலும் திரட்டிய தூளைச் சிறிது தேனால் ஈரமாக்கிப் பின்கால்களில் உருண்டையாக ஏந்தி வந்து, புழுக்கள் வளரும் இடத்தை அடுத்த அறைகளில் இடுகிறது. கூட்டிலுள்ள வேறொரு தேனீ அதனைத் தலையால் அழுத்தித் தேனும் உமிழ்நீரும் கலந்து பதப்படுத்துகிறது. அதில் உண்டாகும் புளிப்பும் தேனின் இனிப்பும் சேர்ந்து, அது கெடாமல் காக்கின்றன.

அதனை உண்பவர் யார்? சுமந்து வந்த தேனீ அதனைப் பெரும்பாலும் உண்பதில்லை. கூட்டினுள் பணிபுரியும் இளம் செவிலித் தேனீக்களே உண்கின்றன. அவையும் தமக்கென மட்டும் உண்பதில்லை. உண்ட மகரந்தத்தைத் தலையிலுள்ள சுரப்பிகளால் பால் போன்ற கூழாக்கிப் புழுக்களுக்கும் அரசிக்கும் ஊட்டுகின்றன. ஆகவே அச்சேமிப்பு, பெரும்பாலும் இனிப் பிறக்கவிருக்கும் உயிர்களின் உணவாகும். தேன் குறைந்தால் வளர்ப்பாளர் சர்க்கரைப் பாகு வைக்கலாம். ஆனால் மகரந்தம் தரும் புரதம் அப்பாகில் இல்லை.

மகரந்தம் அறவே கிடைக்காத நாட்களில், தேனீக்கள் தம் இளம் புழுக்களையே உண்டுவிடுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். உடல்நலத்திற்கென்று கடைகளில் விற்கப்படும் மகரந்தமோ, பெரும்பாலும் கூட்டின் வாயிலில் துளைத்தகடு பொருத்தி, நுழையும் தேனீயின் கால்களிலிருந்து உருண்டைகளை உதிரச் செய்து திரட்டுவதாகும். இதில் தேனீ மடிவதில்லை, உண்மையே. ஆயினும் அளவு மீறிப் பறித்தால் கூட்டினுள் பசி எழும். பசி முற்றினால் தாயாய் ஊட்டியவையே உயிர் கொல்லும். அக்கொலையில் நமக்குப் பங்கில்லையா? செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றினாலும் வினை கட்டும் என்பது நம் அறம்.

தேனீயும் மலரிடமிருந்து எடுக்கவில்லையா எனக் கேட்கலாம். எடுக்கிறது, ஆனால் மலருக்கு ஊறு செய்வதில்லை. சிறிது கொள்கிறது, மகரந்தத்தை மலருக்கு மலர் கொண்டு சேர்த்துக் காய்க்கவும் செய்கிறது. இதனாலன்றோ, இல்லறத்தார்க்கு வருத்தம் நேராமல் முனிவர் ஆகாரம் ஏற்கும் முறையை வண்டின் செயலுக்கு ஒப்பிட்டனர்! தேனீயிடமிருந்து நாம் எடுக்கும் முறை அத்தகையதன்று. கொடுக்கப்படாததைக் கொள்வது களவு என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. பிறவாத புழுவிடம் இசைவு கேட்க எவராலும் இயலாது.

இதனால் தேனீ வளர்த்துப் பிழைப்போரை இகழ வேண்டுவதில்லை. நம் விரதம் நம்மைத் திருத்துவதற்கே உரியது. அடுக்குமாடியின் விளிம்பில் மலைத்தேனீ கூடு கட்டினால், உடனே நெருப்பையும் நஞ்சையும் நாடாமல், பிள்ளைகளை அப்பக்கம் விடாது சில காலம் பொறுப்போம். பருவம் மாறினால் அவை இடம் பெயரும் இயல்புடையவை. ஆபத்து உண்டெனில், கொல்லாமல் அகற்றத் தெரிந்தவரை அழைப்போம்.

‘ஈ செத்ததா?’ என்று மட்டும் கேட்பது அகிம்சையின் முதற்படி. ‘இது யாருடைய உணவு?’ என்று கேட்பது அடுத்த படி. வினா எழுப்பிய இளைஞரை அப்படிக்கு அழைத்துச் செல்வது பெற்றோர் கடன்.