எங்க தாமான் வேணாம்னா, எந்தத் தாமான்?

பாலியல் குற்றம் செய்தவன் தண்டனை முடிந்து வெளியே வருகிறான். எங்கே தங்குவான்? "எங்கேயோ போகட்டும், எங்க தாமான்ல மட்டும் வேணாம்" என்போம். பிள்ளை பெற்ற மனம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாரும் அப்படியே சொன்னால்? அமெரிக்காவின் மயாமியில், பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் அவர்கள் குடியிருக்கக் கூடாது என்று 2005-இல் சட்டம் போட்டார்கள். வீடு கிடைக்காத பலர் 2010 வரை ஜூலியா டட்டில் பாலத்தடியில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். மனுசனைப் பாலத்தடியில் தள்ளியதால் எந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு கூடியது?

வாஷிங்டன் மாநிலம் வேறு வழி பார்த்தது. தண்டனைக்குப் பிறகும் ஆபத்தானவர் என்று கருதப்படுவோருக்குக் காவலுள்ள இடைக்கால விடுதி. பள்ளி, பூங்காவின் பார்வை எட்டும் இடத்தில் அது இருக்கக் கூடாது; இரவும் பகலும் ஊழியர் இருக்க வேண்டும். சியாட்டலில் அதற்குத் தொழிற்பேட்டைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இளைஞர்களே, நம் பயம் நியாயம்தான். ஆனால் "இங்கே வேணாம்" என்பது பாதிப் பதில். "அப்போ எங்கே? யார் காவல்?" என்பதையும் சொன்னால்தான் அது தர்மம். இல்லாவிட்டால், எதிர்த்துப் பேச ஆளில்லாத ஏழைக் கம்பத்தின் தலையில்தான் விழும். அங்கேயும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.