சொன்ன விலை

புகைப்பட ஆர்வலர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்த நகைச்சுவையிலிருந்து தப்பிக்க முடியாது: “எனக்கு ஒரே பயம்தான். நான் செத்த பிறகு என் பொண்டாட்டி இந்த லென்ஸையெல்லாம் நான் அவகிட்ட சொன்ன விலைக்கே வித்துடுவாளோன்னு.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுப் பணத்தை எடுக்க அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பொய் சொன்னால் போதும். அந்தப் பொய் பிடிபடாது, ஏனென்றால் அவளுக்கு விலை தெரியாது. அவர் போன பிறகு அவள் எல்லாவற்றையும் விற்பாள். அந்தக் கேமராவை அவளே கையில் எடுத்துப் படம் பிடிக்கக்கூடும் என்பது மட்டும் சொல்பவருக்கும் தோன்றுவதில்லை, கேட்பவருக்கும் தோன்றுவதில்லை.

இந்த வாங்கும் ஆசைக்கு அவர்களே ஒரு நோயின் பெயரை வைத்திருக்கிறார்கள். கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம், சுருக்கமாக ‘கேஸ்’. கிதார் வாசிப்பவர்களிடமிருந்து வந்த சொல். (நம் வீட்டுப் பெண்களுக்குக் கேஸ் என்றால் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சிலிண்டர்.) நோய் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி உண்டு, நோயாளியிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. வேடந்தாங்கலில் சீசன் நேரத்தில் முக்காலியில் ஏற்றி வைத்திருக்கும் 600 மி.மீ. லென்ஸ்களைப் பார்க்கலாம். அவற்றில் சிலவற்றின் விலை பத்து லட்சத்துக்கு மேல். அது ஆர்வம். இரண்டு புடவை கூடுதலாக வாங்கிய பெண்ணுக்கு இப்படிச் செல்லப் பெயர் எதுவும் கிடையாது. ஊதாரி என்ற பழைய சொல்லே போதுமானதாக இருக்கிறது.

இதற்கு மருந்தாக எப்போதும் சொல்லப்படும் வாசகம், ‘கேமரா முக்கியமில்லை, கண்தான் முக்கியம்’ என்பது. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மூன்று கேமரா வைத்திருப்பவர் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. இருப்பதை வைத்துச் சமாளி என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து சொல்லப்படுவது. அதற்கு ஒரு கலைத் தத்துவத்தின் அங்கி வேறு எதற்கு?

இந்த வாசகத்துக்குச் சாட்சியாக அடிக்கடி இழுக்கப்படுபவர் விவியன் மேயர். சிகாகோவில் வீடுகளில் தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். லென்ஸ் மாற்றவே முடியாத ரோலிஃப்ளெக்ஸில் தெருவைப் படமெடுத்தவர். பாருங்கள், ஒரே ஒரு லென்ஸ் என்பார்கள். மிச்சக் கதையைச் சொல்வதில்லை. அவர் நீண்ட காலம் வேலை பார்த்த வீட்டில் அவருக்கென்று ஒரு குளியலறை இருந்தது, அதையே இருட்டறையாக்கிக்கொண்டு பிலிமைக் கழுவினார். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வேலை முடிந்தது. அதன்பின் வீடு வீடாக மாறினார். கழுவப்படாத சுருள்கள் சேரத் தொடங்கின. 2009இல் அவர் இறந்தபோது அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவருக்கு இல்லாமல் போனது லென்ஸ் அல்ல, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை.

சந்தையும் நம்மை மறந்துவிடவில்லை. 1928இல் கோடாக் நிறுவனம் ‘வேனிட்டி கோடாக்’ என்று ஐந்து நிறங்களில் ஒரு சின்னக் கேமராவைக் கொண்டுவந்தது, கைப்பைக்குப் பொருத்தமாக. 2017இல் நிக்கான் தன் புதிய டி850 கேமராவை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் முன்னிறுத்த 32 கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒரு பெண்கூட இல்லை. கேள்வி எழுந்ததும், அழைத்த பெண்களால் வர முடியவில்லை என்று பதில் வந்தது. இதற்கெல்லாம் பழிவாங்குவதுபோல் ‘நாமும் வாங்குவோம்’ என்று சொல்வது எனக்குப் போதவில்லை. கடனட்டை தேய்க்கும் உரிமை எந்தக் கடைக்காரரும் சந்தோஷமாகக் கொடுக்கும் உரிமை.

லென்ஸ் வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்? ஓர் ஆண் வாங்கும்போது ஞாயிற்றுக்கிழமைக் காலை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கப் போகிறார் என்றால், பிள்ளைகள் எழுந்ததும் யார் பால் காய்ச்சுவது என்ற கேள்வி அவர் வண்டியை நிறுத்தாது. புது லென்ஸின் கூர்மையைச் சோதிக்க அவர் பால்கனியில் நிறுத்தி எடுப்பதும் அதே மனைவியைத்தான். ஒரு பெண் லென்ஸ் வாங்கினால் லென்ஸ் மட்டும்தான் வருகிறது, ஞாயிறு வருவதில்லை. சம்பாதிக்கும் பெண்ணுக்கு இன்று தவணையில் ஒரு லென்ஸ் வாங்க ராத்திரி பத்து நிமிடம் போதும். காசிமேட்டுக்குப் போக ஒரு வாரப் பேச்சுவார்த்தை வேண்டும். அதனால் கிடைக்கிற பத்து நிமிடத்தில் கிடைக்கிறதை வாங்குகிறோம். இதை ஆணின் ‘கேஸ்’ஸோடு சேர்த்து ஒரே நோய் என்று எழுத என்னால் முடியவில்லை.

வங்கியில் வேலை பார்க்கும் என் தோழி சில மாதங்களாக 70-200 லென்ஸ் மேல் கண் வைத்திருக்கிறாள். ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள சாமான். எதற்கு என்று கேட்டேன்.

“தூரத்துலேருந்தே எடுத்துடலாம்டி. கிட்டப் போனா நாலு ஆம்பளைங்க வந்து சுத்தி நின்னுடறானுங்க.”

அது நியாயமான காரணம். தெரு நமக்கு எவ்வளவு தூரத்தில் வைக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு நீள லென்ஸ் வேண்டியிருக்கிறது. ஆனால் லென்ஸின் அந்த முனையில் இருப்பவளும் ஒரு பெண்தானே. கூடையில் நெத்திலி கொட்டிக்கொண்டிருக்கும் அந்த அம்மாவுக்குப் படமெடுக்கப்படுவதே தெரியாது. வேண்டாம் என்று கையை ஆட்டக்கூட அவருக்கு வழியில்லை.

கிட்டே இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போகலாம். ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு 48 வயதில், 1863இல், மகளும் மருமகனும் கேமரா பரிசளித்தார்கள். கோழிக் கூண்டை ஸ்டுடியோவாக்கினார். பிறகு இன்னும் பெரிய கேமரா வாங்கினார், 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடு போடுவது. பெண் என்ற இளக்காரத்தை மீறி அவர் எடுத்த முகங்களை நான் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவருடைய மாதா படங்களில் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தவள் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர். 1875இல் கேமரூன் கணவருடன் இலங்கைக்குப் போனார், அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கே அவர் தோட்டத் தொழிலாளர்களை நிறுத்திப் படமெடுத்தார். முதலாளியம்மா நில் என்றால் நிற்பதைத் தவிர என்ன செய்திருப்பார்கள்?

இதைத் தோழியிடம் சொன்னேன். “அப்போ நீயும் வாங்காதேன்னுதான் சொல்ற” என்றாள். இல்லை, 35 மி.மீ. வாங்கு, நாலடியில் நின்று கேட்டுவிட்டு எடு என்றேன். “கேட்கிறது அந்த அம்மாகிட்ட. பதில் சொல்றது சுத்தி நிக்கிற ஆம்பளைங்க. நீ வந்து பாரு” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு கூட வருகிறேன் என்றேன். அவள் மாமியார் ஊரிலிருந்து வருவதால் அடுத்த ஞாயிறு முடியாதாம்.

லென்ஸ் அவளுடைய கார்ட்டில் அப்படியே இருக்கிறது. போன வாரம் நாலாயிரம் விலை குறைந்திருக்கிறதாம்.